சேமித்த படங்கள் இரண்டாயிரம், எடுக்க ஒன்றுமில்லை: உந்துதலை எங்கே தேடுவது?

கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். நான்கு வருடங்களாகப் படம் எடுக்கிறீர்கள், இடையிடையே பென்சிலில் வரையவும் செய்கிறீர்கள். தினமும் இன்ஸ்டாகிராமிலும் பின்டரெஸ்டிலும் பிடித்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் சேமிக்கிறீர்கள். சேமித்தது மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். எடுத்ததும் எங்கோ பார்த்த படத்தின் சாயலில்தான் வருகிறது. "எனக்கென்று ஒரு இன்ஸ்பிரேஷன் எங்கே கிடைக்கும்? மற்றவர்கள் படங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிடவா?" இதுதான் கேட்டது. கடைசி வரியில், வரைவதைத் தொடர்வதா, படமெடுப்பதைத் தொடர்வதா என்ற குழப்பமும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

என் காதில் விழுந்த கேள்வி கொஞ்சம் வேறு. எங்கே கிடைக்கும் என்று கேட்கிற உங்களுக்கு ஏற்கெனவே இரண்டாயிரம் கிடைத்திருக்கிறது. கிடைத்ததில் தன்னுடையது எது என்று அடையாளம் தெரியாததுதான் சிக்கல். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் முதலில் ஓவியம் படித்தவன். ஐந்து வருடம் கரித்துண்டும் வாட்டர் கலருமாகக் கழிந்தது. அப்புறம் கேமரா பக்கம் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் மாலை வகுப்புகளில் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். கீழே சொல்வதில் சில ஆராய்ச்சியில் பார்க்கப்பட்டவை, சில கலைஞர்களின் வாழ்க்கையில் பதிவானவை, மீதி நானும் என் மாணவர்களும் பட்டுத் தெரிந்துகொண்டவை. எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். "எதிலும் மனம் ஓடவில்லை" என்று வருகிறவர்களில் சிலருக்குக் கலையில் மட்டும் பிரச்சினை இருப்பதில்லை. சாப்பாடு, தூக்கம், நண்பர்களோடு பேச்சு எல்லாமே வாரக்கணக்கில் ருசிக்காமல் போயிருக்கும். அவர்களுக்குக் கேமரா பாடம் எடுப்பது வீண், மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. உங்கள் கேள்வியில் அந்த வாடை இல்லை. தினமும் உட்கார்ந்து இரண்டாயிரம் படங்களைப் பொறுக்கிச் சேர்த்தவருக்குப் பசி நன்றாகவே இருக்கிறது. மெல்லாமல் விழுங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

விழுங்குவது உங்கள் ஒருவர் பழக்கம் இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், புகழ்பெற்ற ஓவியங்களுக்கு முன் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒளிந்திருந்து கணக்கெடுத்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில் சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். 2017-ல் சிகாகோவில் மறுபடி எடுத்த கணக்கிலும் 29 விநாடிக்குள்தான் வந்தது. டிக்கெட் வாங்கி, நேரம் ஒதுக்கி, உலகத்தின் மிகச் சிறந்த ஓவியங்களைப் பார்க்கவென்றே வந்தவர்கள் கதை இது. போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

இதற்கு நேர் எதிராக, ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். கேட்டவுடன் எல்லோருக்கும் அலுப்புத்தான் வரும். அவரே செய்துகாட்டிய ஓவியம், ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-ல் வரைந்தது: மேசை முன்னால் ஒரு பையன், கையில் தங்கச் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் ஒரு பறக்கும் அணில். பையனுடைய காதின் வடிவமும் அணிலின் வயிற்றோர ரோமத்தின் வடிவமும் ஒன்றுபோல இருப்பதைக் கவனிக்கவே தனக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று என்று அவர் எழுதியிருக்கிறார். பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகளும் தற்செயலாக விழுந்தவை இல்லை, காதையும் கண்ணையும் திருப்பிச் சொல்பவை என்று தெரிய முக்கால் மணி நேரம் பிடித்ததாம். கலை வரலாற்றில் ஊறிய கண்ணுக்கே இந்த நேரம் தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

அதனால், நிறுத்திவிடவா என்ற கேள்விக்கு என் பதில்: நிறுத்த வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டியைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தால் தானாக எதுவும் ஊறாது. வாரத்துக்கு ஒரே ஒரு படம். அதன் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம், கையில் பென்சிலோடு. உங்களுக்கு வரையத் தெரியும் என்பது இங்கே பெரிய வசதி. படத்தைப் பார்த்து வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், கண் முதலில் எங்கே போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று மட்டும் குறியுங்கள். வரையும்போது கை ஓரிடத்தில் தயங்கும், அங்கேதான் அந்தப் படத்தை எடுத்தவர் ஏதோ முடிவு எடுத்திருக்கிறார். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014-ல் வெளியிட்ட ஒரு சோதனையும் இதை ஒட்டியே போகிறது. அருங்காட்சியகப் பொருட்களைச் சும்மா போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்களுக்கு, கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுக்கச் சொன்னபோது அந்த நஷ்டம் ஏற்படவில்லை. சேமிப்பு பொத்தானுக்கும் இது பொருந்தும் என்பது என் ஊகம். அந்தச் சோதனை அதைப் பார்க்கவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தியதும் "இது என்னிடம் இருக்கிறது" என்று மனம் நிம்மதியாகி அடுத்த படத்துக்குத் தாவுவதை என்னிடமே நிறைய முறை பார்த்திருக்கிறேன்.

இனி, எடுப்பதெல்லாம் யாரோ ஒருவர் படம் மாதிரி வருகிறது என்ற குறை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. வின்சென்ட் வான் கோ 1887-ல் ஹிரோஷிகேயின் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்கள் இரண்டை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே பார்த்து வரைந்தார். இரண்டு வருடம் கழித்து செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த விவசாயிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதி எடுத்தார், ஏறத்தாழ இருபது ஓவியங்கள். அவர் கையில் இருந்தவையோ கறுப்பு வெள்ளை அச்சுகள். வண்ணம் முழுவதும் அவரே போட வேண்டியிருந்தது. இன்னொருவர் எழுதிய இசையை ஒரு வாத்தியக்காரர் வாசிப்பதோடு இந்த வேலையை ஒப்பிட்டுத் தம்பிக்குக் கடிதம் எழுதினார். இருட்டும் வெளிச்சமும் மில்லேயுடையவை, நீலமும் மஞ்சளும் இவருடையவை. இன்றைக்கு அந்தப் படங்களைப் பார்க்கிற யாரும் வான் கோ என்றுதான் சொல்வார்கள்.

புகைப்படத்தில் இதைவிடச் சுவாரசியமான கதை ஒன்று உண்டு. ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் முதலில் ஓவியம் படித்தவர். 1930 வாக்கில் மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது: ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிக்குள் மூன்று சிறுவர்கள் ஓடி இறங்குகிறார்கள், பின்னாலிருந்து எடுக்கப்பட்டது, மூவரும் நிழலுருவங்கள். அந்த ஒரு படம்தான் தன்னைக் கேமராவின் பக்கம் தள்ளியது என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். சரி, அதற்காக அவர் ஏரிக்கரைக்குப் போய்ச் சிறுவர்களை எடுத்துக்கொண்டிருந்தாரா? இல்லை. 1932-ல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் தேங்கிய தண்ணீரை ஒரு ஆள் தாண்டிக் குதிக்கும் கணத்தைப் பிடித்தார். ஏரியும் சிறுவர்களும் காணாமல் போய்விட்டன. ஓடும் உடம்பின் துள்ளலும், ஒரு விநாடி பிந்தினால் கலைந்துவிடும் அமைப்பும் மட்டும் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தன.

உங்கள் இரண்டாயிரம் படங்களிலும் இதைத்தான் செய்ய வேண்டும். பத்துப் படங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றையும் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள், ஒரே நிபந்தனையோடு: படத்தில் இருக்கும் பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது. "மழையில் குடையோடு ஒரு பெண்" என்று எழுதினால் நீங்களும் மழைக்கும் குடைக்கும் காத்திருப்பீர்கள், எடுத்ததும் நகலாகத்தான் வரும். "பக்கத்தில் இருக்கிறவர் தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறது" என்று எழுதிப் பாருங்கள். அதற்கு மழை வேண்டாம், குடை வேண்டாம், உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியே போதும். என் வகுப்பில் இந்தப் பயிற்சிக்கு எல்லோரும் முதலில் முகம் சுளிப்பார்கள். பொருளின் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாமல் அரை மணி நேரம் திணறியவர்கள் உண்டு. அந்தத் திணறலிலேயே நிறைய வெளிவந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் மற்றவர்கள் படங்கள் வழியாகப் போகிற சுற்றுப்பாதை. இதைவிட நேரான வழி ஒன்று உண்டு, அதைத்தான் பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை: நீங்களே எடுத்து ஒதுக்கிய படங்கள். என் கதையைச் சொல்கிறேன். முதல் ஆறேழு வருடம் நான் மலைகளும் விடியற்காலைப் பனியுமாக அலைந்தவன். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது, போட்டிகளில் ஒன்றிரண்டு தேறவும் செய்தன. அவற்றை இன்று பார்த்தால் யார் எடுத்தது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் நண்பர் ஒருவர் பழைய படம் ஒன்று கேட்டார் என்று ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருந்தேன். மலைக்குப் போன ஒவ்வொரு பயணத்திலும், போகிற வழியில், தங்கிய இடத்தில், யாரும் உட்காராத நாற்காலிகளை எடுத்துத் தள்ளியிருக்கிறேன். காத்திருப்பு அறையில் வரிசையாக, வராந்தாவில் ஒற்றையாக, முதுகில் யாரோ விட்டுப்போன துணியோடு. நாற்பது படத்துக்கு மேல் இருந்தன. ஒன்றைக்கூட யாருக்கும் காட்டியதில்லை. எடுத்ததே மறந்துபோயிருந்தது. மலையை எடுக்கத் திட்டமிட்டுத்தான் போனேன். நாற்காலியை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை, கை எடுத்திருக்கிறது. அதன் பிறகு ஒன்பது வருடம், ஆள் எழுந்துபோன இடங்களை மட்டுமே எடுத்தேன்.

இதை எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்லமாட்டேன். இதற்கு ஆய்வு எதையும் ஆதாரமாகக் காட்டவும் என்னிடம் இல்லை. ஆனால் வகுப்பில் செய்துபார்த்த வரையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒன்று தலைகாட்டியது. செய்முறை இவ்வளவுதான். கடந்த நான்கு வருடப் படங்களில், வெளியே காட்டாதவற்றிலிருந்து மட்டும் அறுபதைப் பொறுக்குங்கள். குலுங்கியது, இருண்டது, சும்மா எடுத்தது எல்லாம் சேரட்டும். உள்ளங்கை அளவில் மலிவான பிரின்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தெரியும், தரையில் போட்டால் ஒன்றுக்கொன்று பேச ஆரம்பிக்கும். நல்லது கெட்டது பார்க்காமல், திரும்பத் திரும்ப வருவது எது என்று மட்டும் தேடுங்கள். அது பொருளாக இருக்கலாம், ஒரு நிறமாக இருக்கலாம், நீங்கள் எப்போதும் நிற்கும் தூரமாகக்கூட இருக்கலாம். மாணவி ஒருவர் எல்லோரையும் முதுகுப் பக்கமிருந்தே எடுத்திருந்தார். கூச்சம் என்று அதுவரை அதைக் குறையாக நினைத்துக்கொண்டிருந்தவர், பிறகு முதுகுகளை மட்டுமே எடுக்க ஆரம்பித்தார். அவற்றில் சில எனக்கு முகங்களைவிட நன்றாக நினைவிருக்கின்றன.

பொறுக்குவது எடுப்பதற்குச் சமமான வேலை என்பதற்கு ராபர்ட் ஃபிராங்கைவிட நல்ல சாட்சி கிடையாது. 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றி, ஏறத்தாழ 27,000 ஃபிரேம்கள் எடுத்தார். அவற்றிலிருந்து புத்தகமாகத் தொகுத்தவை 83. மீதி எல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. அந்த 83-ஐக் கண்டுபிடிக்க 27,000-ஐயும் அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. நாமோ எடுத்த அன்றைக்கே போட்டுவிட்டு, விழுந்த லைக்கை எண்ணிக்கொண்டிருக்கிறோம். எடுத்த சூட்டிலேயே வெளியே காட்டினால், எது உங்கள் விஷயம் என்பதை மற்றவர்கள் தீர்மானித்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு மாதமாவது உள்ளேயே கிடக்கட்டும். அதற்காக விவியன் மேயர் அளவுக்குப் போக வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அவர், ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ்களைச் சேர்த்துவிட்டு யாருக்கும் காட்டாமலேயே 2009-ல் போய்ச் சேர்ந்தார்.

சரி, ஏதோ ஒன்று தென்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம்? அதையே எடுப்பது. அலுக்கும்வரை எடுப்பது, அலுத்த பிறகும் எடுப்பது. அரைத்த மாவையே அரைப்பதாகத் தோன்றும். எட்வர்ட் வெஸ்டன் சில வருடங்களாகவே குடைமிளகாய்களை எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் பிளைன் துணி, வெள்ளைப் பலகை என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தார். 1930 ஆகஸ்டில் ஒரு மிளகாயைத் தகரப் புனல் ஒன்றின் வாய்க்குள் வைத்தார். புனலின் உள்வளைவு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் திருப்பிவிட்டது. மிளகாயின் ஒவ்வொரு மடிப்பும் முறுக்கேறிய தசைபோலத் திரண்டு நின்றது. அந்தப் படத்தின் பெயர் 'மிளகாய் எண் 30'. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எண்தான். முதல் மிளகாயை எடுத்த அன்றைக்கு அவருக்கும் அது ஒரு காய்கறியாகத்தான் தெரிந்திருக்கும்.

இன்னொருவர் ஜோசப் சுதெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு பிராக் நகரத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். நாஜிகள் நகரைப் பிடித்த பிறகு வெளியே கேமராவோடு நடமாடுவது கஷ்டமானது. 1940-லிருந்து தன் ஸ்டுடியோவின் ஜன்னலையே எடுக்க ஆரம்பித்தார். அதே ஜன்னல், அதே முறுக்கிய மரம். கண்ணாடியில் ஒரு நாள் பனி, ஒரு நாள் நீர்த்திவலை, ஒரு நாள் ஒன்றும் இல்லை. 1945-ல் போர் முடிந்துவிட்டது, வெளியே போகலாம். அவரோ 1954 வரை அந்த ஜன்னலை விடவில்லை. வேறு வழியில்லாமல் ஆரம்பித்த ஒன்று எப்போது அவருடையதாக மாறியது என்று அந்தப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். எடுக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றும் நாட்களில் நான் திரும்பிப் போவதும் இவரிடம்தான். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922-ல் மேகங்களை எடுக்கத் தொடங்கியதன் பின்னாலும் இப்படி ஒரு பிடிவாதம் உண்டு. எதிரில் உட்காரும் ஆட்களை வசியம் செய்துதான் அவர் நல்ல படம் எடுக்கிறார் என்று ஒருவர் எழுதிவிட்டார். யாரும் வசியம் செய்ய முடியாத, எல்லோர் தலைக்கு மேலும் இலவசமாகக் கிடக்கும் மேகத்தையே எடுத்துக்காட்டுகிறேன் என்று இறங்கினார்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. சங்க அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். திணை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன நிலம், இன்ன பொழுது, இன்ன பூ, இன்ன பறவை என்று எல்லாம் முன்கூட்டியே வகுத்தாகிவிட்டது. தலைவன் தலைவிக்குப் பெயர்கூட வைக்கக் கூடாது. பிரிந்தவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணை நூற்றுக்கணக்கான புலவர்கள் பாடியிருக்கிறார்கள். புதிய விஷயம் தேடி ஒருவரும் ஓடவில்லை. இருந்தும் அந்தக் குறுகிய வட்டத்துக்குள் சிலர் கண்ட காட்சி எவ்வளவு சொந்தமாக இருந்தது என்றால், இயற்பெயர் தெரியாமல் போனபோது அந்தக் காட்சியே அவர்களுக்குப் பெயராக நின்றுவிட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயல்நீரார். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டிய, ஒற்றை ஏர் மட்டுமே உள்ள உழவனின் தவிப்பைச் சொன்னவர் ஓரேருழவனார். இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிற்றைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். உங்கள் பெயரை மறைத்துவிட்டு உங்கள் படங்களை மட்டும் பார்க்கிற ஒருவர் உங்களுக்கு என்ன பெயர் வைப்பார் என்று சும்மா யோசித்துப் பாருங்கள். நான் கொஞ்ச காலம் நாற்காலிக்காரனாக இருந்தேன்.

இனி, சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டியவை. நடந்தால் யோசனை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெட்ஸோ, ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது பலர் கூடுதலான புது யோசனைகளைச் சொன்னார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தபோதும்கூட. பிரச்சினையைச் சில நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் விடை தென்படும் என்பதற்கும் ஆதரவு இருக்கிறது. 2009-ல் 117 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அப்படித்தான் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் இவற்றில் கேட்கப்பட்டவை எல்லாம் ஒரு பொத்தானை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது போன்ற சின்னச் சின்னக் கேள்விகள். பத்து வருடம் ஒரே விஷயத்தைத் துரத்தும் கலைஞருக்கு அந்த முடிவுகளை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. நடங்கள், உடம்புக்கும் நல்லது. நடையில் பத்து யோசனை வரும். பத்தில் எது உங்களுடையது என்பதை நடை சொல்லாது. அப்புறம், வலது பக்க மூளைக்காரர்கள்தான் கலைஞர்கள் என்ற பேச்சை நம்ப வேண்டாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு ஒரு பக்கம் ஒட்டுமொத்தமாக ஓங்கியிருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

புது லென்ஸ் வாங்கினால் உற்சாகம் வரும் என்பதும் பாதி உண்மை. வரும், மூன்று வாரம் இருக்கும். எனக்கு மூன்று வாரம், மாணவர்களில் சிலருக்கு அதைவிடக் குறைவு. அதைவிட, இருப்பதில் ஒரே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு மற்றதை அலமாரியில் பூட்டி வைப்பது அதிகம் பலன் தருவதாகப் பார்த்திருக்கிறேன். இதுவும் அனுபவம்தான், நிரூபணம் இல்லை. கூடவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் மாணவர்கள் எல்லாம் வகுப்பில் தங்கியவர்கள். பாதியில் போனவர்களுக்கு இந்த முறைகளே ஒத்துவராமல் போயிருக்கலாம், அவர்கள் என் கணக்கில் இல்லை. வாடிக்கையாளருக்காகப் படமெடுத்துப் பிழைப்பவர்களுக்கும் இந்த வைத்தியம் அப்படியே பொருந்தாது. அவர்களுக்குக் களைப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது.

வரைவதா, படமெடுப்பதா என்ற குழப்பத்துக்கு இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசரம் இல்லை. மேலே சொன்ன ப்ரெஸ்ஸோன், உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1970-களின் தொடக்கத்தில் கேமராவைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டுப் பென்சிலுக்குத் திரும்பிப் போனார். சித்திரமும் கைப்பழக்கம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கை இரண்டிலும் பழகட்டும். என் அனுபவத்தில் வரைவது கண்ணை மெதுவாக்கும், கேமரா கையை வேகமாக்கும். உங்களுக்கு இப்போது குறைவது முதலாவது என்று தோன்றுவதால், அடுத்த இரண்டு மாதம் பென்சில் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். வரைய ஒன்றும் தோன்றாவிட்டால் லியனார்டோ டா வின்சி தன் மாணவர்களுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்: கறை படிந்த சுவர் ஒன்றின் முன்னால் நின்று, அதில் மலையும் ஆறும் சண்டையும் முகங்களும் தெரிகிறதா என்று பார்ப்பது. வகுப்பில் ஒரே கறையைப் பத்துப் பேரிடம் காட்டினேன், பத்து விதமாக வரைந்தார்கள். ஒருவர் அம்மாவின் பக்கவாட்டு முகத்தை வரைந்தார். கறையில் அது எங்கே இருக்கிறது என்று மற்ற ஒன்பது பேருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

சேமித்த இரண்டாயிரத்தை அழித்துவிடவா என்று கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அழிக்க வேண்டாம். ஆறு மாதம் திறக்காமல் வையுங்கள், அவ்வளவுதான். திரும்பத் திறக்கும்போது எவை இன்னும் இழுக்கின்றன என்று பார்க்கலாம். பெரும்பாலானவற்றை ஏன் சேமித்தோம் என்றே நினைவிருக்காது. அதற்கு முன்னால் அந்த அறுபது படங்களைத் தரையில் பரப்புங்கள். ஒன்றுமே தென்படவில்லை என்றால் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். பொருள் மறைந்து, வெளிச்சமும் உருவமும் மட்டும் மிஞ்சும். முதுகுகளை எடுத்த அந்த மாணவிக்கு விஷயம் பிடிபட்டது அப்படித்தான். அப்போதும் பிடிபடாவிட்டால், அறுபதில் எந்த மூன்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கலாம்.